மாலையின் மூன்று நிமிடங்கள்

ஒரு நாளின் பொழுதை ஆறாகப் பகுத்து, அவற்றைத் திணைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது தமிழ் இலக்கண மரபு. வகுப்பில் இதை நடத்தும்போது நாம் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என்ற இந்த ஆறில் வெளிச்சம் குறைந்தவை எத்தனை? மூன்று என்று உடனே விடை வரும். முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம், மருதத்துக்கு வைகறை. ஐந்திணைகளில் மூன்றின் வாழ்க்கை அரையிருளிலேயே நடக்கிறது. காத்திருப்பதும் களவில் சந்திப்பதும் ஊடி நிற்பதும் ஒருவர் முகம் மற்றவருக்குச் சரியாகத் தெரியாத நேரத்தில்தான்.

பறவைகளுக்கும் அதே நேரம்தான் முக்கியமானது. அவை இரை தேடப் புறப்படுவது வைகறையில், கூடடைவது மாலையில். தேரூர்க் குளத்தின் கரையில் நின்று பார்க்க விரும்புகிறவர், நண்பகலில் போனால் வெயிலையும் தாமரை இலைகளையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஆகவே சற்றும் இலக்கியத் தொடர்பில்லாததாகத் தோன்றும் ஒரு கேள்வி பல ஆண்டுகளாக நம்மைத் தொடர்ந்து வருகிறது. மங்கிய வெளிச்சத்தில் நன்றாகக் காட்டும் ஒரு கருவிக்கு எவ்வளவு பணம் கொடுக்கலாம்? ஐயாயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது, இருபதாயிரத்துக்கும் கிடைக்கிறது, இரண்டு லட்சத்துக்கு மேலும் கிடைக்கிறது. விலை பத்து மடங்கு ஏறும்போது மாலைப் பொழுது எத்தனை மடங்கு நீள்கிறது?

இந்தக் கேள்வியை உலகில் மிகுந்த அக்கறையோடு விவாதித்து வருபவர்கள் பறவை நோக்குபவர்கள் அல்லர்; வேட்டைக்காரர்கள். ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ரைஃபிள் துப்பாக்கியின் மேல் பொருத்தும் ஸ்கோப் என்னும் தொலைநோக்கிக் குழலைப் பற்றி எழுதுபவர்கள், அதன் அந்தி நேரத் திறனுக்கெனத் தனிப் பகுதியே ஒதுக்குவார்கள். மானும் காட்டுப்பன்றியும் காட்டின் ஓரத்துக்கு வருவது அந்தியில்தான் என்பதே காரணம். நடுத்தர விலை ஸ்கோப் போதுமா, உயர்விலை வேண்டுமா என்பது அவர்களிடையே முடிவில்லாத பட்டிமன்றம்.

நம் நாட்டில் அந்தப் பட்டிமன்றத்துக்கு இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதற்கு 1991இல் வந்த திருத்தமும் வேட்டையை ஏறத்தாழ முற்றாகவே விலக்கிவிட்டன. ரைஃபிளும் ஸ்கோப்பும் இங்கே படைவீரர்களுக்கும் காவல்துறைக்கும் குறிபார்த்துச் சுடும் விளையாட்டு வீரர்களுக்கும் உரியவை. தக்கலைக்காரர்களாகிய நமக்குத் துப்பாக்கி அந்நியமான பொருள் அன்று. இரண்டு கல் தொலைவில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படையின் தலைவராகவே உயர்ந்த டிலனாய், பீரங்கி வார்க்கும் உலையை அமைத்தது அங்கேதான். அவரது கல்லறையும் அங்கேயே உள்ளது. இன்று அந்தக் கோட்டைக்குள் வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா இருக்கிறது. பீரங்கி வார்த்த இடத்தில் குழந்தைகள் மான் பார்க்கிறார்கள்.

பறவையியலும் இதே பாதையில்தான் வந்திருக்கிறது. சலீம் அலி சிறுவனாக இருந்தபோது தம் காற்றுத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய ஒரு மஞ்சள் தொண்டைச் சிட்டுக்குருவியைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துச் சென்ற நிகழ்ச்சி பலரும் அறிந்தது. நம் மாவட்டம் திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த 1933இல் அவர் இந்தச் சமஸ்தானத்துப் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தபோதும், பறவையைச் சுட்டுக் கையில் வைத்து ஆராய்வதே முறையாக இருந்தது. இன்று அதே வேலையைக் கண்ணாடிகள் செய்கின்றன. துப்பாக்கி போய்விட்டது, அதன் தலையில் இருந்த குழல் மட்டும் இரட்டையாகி, பைனாகுலராக நம் கழுத்தில் தொங்குகிறது. ஒளியியல் கணக்கு இரண்டுக்கும் ஒன்றே என்பதால், வேட்டைக்காரர்களின் வாதத்திலிருந்து வேட்டையை நீக்கிவிட்டு மிச்சத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

கணக்கு எளிதானது. பைனாகுலரின் மேல் 8x42 என்று எழுதியிருந்தால், அது எட்டு மடங்கு பெரிதாக்கும் என்றும் முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்றும் பொருள். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் 5.25 வருகிறது. கருவியைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து வானத்தைப் பார்த்தால், பின்பக்கக் கண்ணாடியில் சிறிய வெள்ளை வட்டம் ஒன்று தெரியும். அந்த வட்டத்தின் விட்டம்தான் இந்த 5.25 மில்லிமீட்டர். கருவி நமக்குத் தரும் ஒளி முழுவதும் அந்த வட்டத்தின் வழியாகவே வருகிறது. 10x42 என்றால் 4.2, 8x32 என்றால் 4. வேட்டைக்காரர்களிடையே மிகப் பரவலான 3-9x40 ஸ்கோப்பை ஒன்பது மடங்கில் வைத்தால் 4.4, ஆறு மடங்குக்குக் குறைத்தால் 6.7. இருட்டத் தொடங்கியதும் அவர்கள் உருப்பெருக்கத்தைக் குறைப்பது இதனால்தான். குழலின் தடிமன் 30 மில்லிமீட்டராக இருந்தால் வெளிச்சம் கூடும் என்று சிலர் நம்புவதுண்டு. தடித்த குழல் குறியைத் திருத்துவதற்குக் கூடுதல் இடம் தரும், வெளிச்சத்தைக் கூட்டாது.

கருவி தரும் வட்டம் பெரிதாக இருந்துவிட்டால் மட்டும் போதாது. அதை வாங்கிக்கொள்ளக் கண்ணில் வாசல் வேண்டும். அந்த வாசல் கண்மணியின் பாவை. இருளில் அது இருபது வயதில் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் வரை விரியும். நாற்பதுகளில் 6 அளவில் நின்றுவிடும். எழுபதில் ஐந்துக்கும் கீழே போய்விடும். ஆளுக்கு ஆள் வேறுபாடு பெரிது என்றாலும், போகும் திசை எல்லோருக்கும் ஒன்றே. ஜெர்மானிய வேட்டைக்காரர்கள் போற்றும் 8x56 கருவி 7 மில்லிமீட்டர் ஒளிவட்டத்தைத் தருகிறது. நம் வயதில் அதில் ஒரு பகுதி பாவைக்கு வெளியே கருவிழியின் மேல் விழுந்து வீணாகிறது. எழுபது வயதுக்காரர் அதன் ஒளியில் பாதியைத்தான் பெறுகிறார். பணமும் எடையும் மட்டும் முழுமையாக அவருக்கே.

விற்பனைத் தாள்களில் அந்தியொளிக் குறியெண் என்று இன்னொன்றும் இருக்கும். இரண்டு எண்களையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அது கிடைக்கும். 8x42க்கு 18.3, 10x42க்கு 20.5. உருவம் பெரிதாகத் தெரிவதும் அரையிருளில் ஓர் உதவிதான் என்பதால் இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் இந்த எண்ணுக்குக் கண்ணாடியின் தரம் தெரியாது. பிளாட்பாரத்தில் விற்கும் விளையாட்டுப் பொருளுக்கும் லட்ச ரூபாய்க் கருவிக்கும் அது ஒரே மதிப்பெண் தருகிறது. நம் பல்கலைக்கழகத் தேர்வுகளைப் பற்றி நாம் ஏதும் சொல்ல வேண்டியதில்லை.

இனி, கண்ணாடியின் தரம். ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 சதவீதம் எதிரொளித்துப் போய்விடுகிறது. ஒரு பைனாகுலருக்குள் இப்படி 12 பரப்புகள் இருப்பதாகக் கொண்டால், பூச்சு இல்லாத கண்ணாடிகளில் நுழைந்த ஒளியில் 61 சதவீதமே மறுமுனைக்கு வந்து சேரும். போன 39 சதவீதத்தில் ஒரு பங்கு குழலுக்குள்ளேயே அலைந்து, உருவத்தின் மேல் பனிமூட்டம்போலப் படியும். 1935இல் ஜெர்மனியின் செய்ஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சைக் கண்டுபிடித்தார். அதன் வழித்தோன்றலான பல்லடுக்குப் பூச்சு ஒவ்வொரு பரப்பிலும் இழப்பை அரை சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்துவிட்டது. அதே 12 பரப்புகள் இப்போது 94 சதவீதத்தைக் கடத்துகின்றன. ஒரு காலத்தில் உயர்விலைக் கருவிகளுக்கு மட்டுமே வாய்த்த இந்தப் பூச்சு, இன்று நடுத்தர விலையில் எல்லாப் பரப்புகளிலும் கிடைக்கிறது. நேர்க்குழல் வடிவப் பைனாகுலர்களில் முப்பட்டகத்துக்கும் ஓர் அலைக்கட்டத் திருத்தப் பூச்சு தேவைப்படுகிறது. 1988இல் செய்ஸ் கொண்டுவந்த அதுவும் இப்போது நடுத்தரக் கருவிகளில் உண்டு.

முழங்கைபோல வளைந்த பழைய போரோ வடிவத்துக்கு அந்தத் திருத்தப் பூச்சே தேவையில்லை. கண்ணாடிப் பூச்சும் வேண்டாம். ஒளி அதன் முப்பட்டகத்துக்குள் முழுமையாகவே எதிரொளிக்கும். ஆகவே பத்தாயிரத்துக்கு உட்பட்ட விலையில், அழகான நேர்க்குழலைவிடத் தடித்த போரோவே பெரும்பாலும் தெளிவாகக் காட்டும். தோற்றத்தைப் பார்த்து விலை கொடுக்கிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

இதுவரை சொன்னது எந்த நாட்டுக்கும் பொருந்தும். இனி வருவது நம் ஊருக்கு உரியது.

தக்கலை வடக்கே எட்டேகால் பாகை அட்சரேகையில், நிலநடுக்கோட்டுக்கு அருகே இருக்கிறது. இங்கே சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. மறைந்த பிறகு அது கீழ்வானுக்கு 6 பாகை கீழே போக 22 நிமிடங்கள் போதும். ஜெர்மனியில் ஜூன் மாதத்தில் சூரியன் சாய்வாகச் சறுக்கி இறங்குவதால் அதே தொலைவைக் கடக்க ஏறத்தாழ 40 நிமிடங்கள் ஆகும். தெளிந்த வானில், சூரியன் மறையும் தருணத்தில் தரையில் விழும் வெளிச்சம் ஏறத்தாழ 400 லக்ஸ். அந்த 22 நிமிடங்கள் முடியும்போது மூன்று, நான்கு லக்ஸ். நானூறை ஏழு முறை பாதியாக்கினால் மூன்று வரும். ஆகவே நம் மாலையில் வெளிச்சம் ஏறத்தாழ மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகிறது. முதலில் மெதுவாகவும் பிறகு விரைவாகவும் குறையும் என்றாலும், சராசரி இதுதான்.

இந்த மூன்று நிமிடத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டால் விலைப்பட்டியல் வேறுவிதமாகத் தெரியத் தொடங்குகிறது. நடுத்தரக் கருவி 86 சதவீத ஒளியைக் கடத்துகிறது, மிக உயர்ந்தது 92 சதவீதத்தைக் கடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆறு சதவீதம் நம் குளக்கரையில் எவ்வளவு நேரம்? இருபது விநாடிக்கும் குறைவு. பூச்சே இல்லாத மலிவுக் கருவியிலிருந்து நல்ல பூச்சுள்ள நடுத்தரக் கருவிக்கு ஏறினால் கிடைப்பது ஏறத்தாழ ஒன்றரை நிமிடம். 42 மில்லிமீட்டரிலிருந்து 56க்குப் போனால், 6 மில்லிமீட்டர் பாவை உள்ளவருக்கு ஒன்றேகால் நிமிடம். 5 மில்லிமீட்டர்க்காரருக்கு ஒன்றுமில்லை. வட ஐரோப்பிய வேட்டைக்காரருக்கு இவை ஒவ்வொன்றும் இரண்டு மடங்காகும். நிலவொளியில் பன்றிக்குக் காத்திருக்கும் அவருக்கு அந்தப் பெரிய கண்ணாடி வீண்செலவு அன்று. அவருடைய மாலைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை நமக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

விளம்பரங்கள் சொல்லாத இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மின்கலத்தால் இயங்கும் இரவுநோக்கிகளை விட்டுவிட்டால், எந்தக் கண்ணாடிக் கருவியும் ஒரு காட்சியை வெறுங்கண்ணுக்குத் தெரிவதைவிட வெளிச்சமாக்குவதில்லை. அது பெரிதாக்கும், இருக்கிற வெளிச்சத்தை முடிந்தவரை இழக்காமல் கொண்டுவரும். அவ்வளவே அதன் தொழில். மிச்சத்தைக் கண் செய்கிறது, அதன் வழியில்.

அந்த வழி விசித்திரமானது. வெளிச்சம் குறையும்போது நிறத்தை அறியும் கூம்பு செல்கள் ஓய்ந்து, கோல் செல்கள் பொறுப்பேற்கின்றன. கோல் செல்களுக்குச் சிவப்பு தெரியாது. ஆகவே சிவப்பும் செம்பழுப்பும் முதலில் கறுத்துப் போகின்றன. நீலப்பச்சை சிறிது நேரம் மிஞ்சி நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் செக் நாட்டு உடலியலறிஞர் புர்கின்யே இதை விவரித்ததால் இது அவர் பெயராலேயே வழங்குகிறது.

சங்கப் பாடல்களில் மாலைதோறும் பனைமரத்திலிருந்து அகவிப் பிரிந்தவரை வருத்தும் அன்றிலை அரிவாள் மூக்கன் இனத்துப் பறவையாகக் கொள்பவர் பலர். அவ்வினத்தில் செம்பழுப்பு உடலும் வளைந்த அலகும் கொண்ட ஒன்று நம் குளங்களுக்கு வருகிறது. வெயிலில் அதன் உடல் செப்புப் பாத்திரம்போல மின்னும். சூரியன் மறைந்து பத்து நிமிடத்தில் அதுவே கறுப்புப் பறவை. எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய கருவியாலும் அந்தச் செம்பழுப்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மாலைப் பொழுதில் அன்றில் குரலாகவே வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நமக்கு ஓர் ஊகம் உண்டு. ஆய்வேடாக எழுதுமளவுக்கு அதில் வலுவில்லை.

கோல் செல்கள் முழுத்திறனை அடைய 20 முதல் 30 நிமிடங்கள் பிடிக்கும். நம் மாலையின் நீளமோ 22 நிமிடங்கள். கண் முழுவதும் பழகி முடிவதற்குள் நம் அந்தி முடிந்துவிடுகிறது. இந்த நிலையில் நேரம் பார்ப்பதற்கென்று கைப்பேசியின் திரையை ஒருமுறை ஒளிரவிட்டால் போதும், லட்ச ரூபாய்க் கருவி மிச்சப்படுத்திய இருபது விநாடி பல மடங்காகத் திரும்பப் பறிபோகும்.

இந்தக் கணக்கையெல்லாம் நாம் வீட்டில் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்த ஒரு சனவரியில், வளைகுடாவில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்திருந்தார். அவரிடம் உயர்விலை ஐரோப்பிய 8x42 ஒன்று இருந்தது. நம்மிடம் நடுத்தர 8x42 ஒன்றும் பூச்சில்லாத பழைய போரோ ஒன்றும் இருந்தன. மூன்றையும் எடுத்துக்கொண்டு, அப்பாவையும் காரில் ஏற்றிக்கொண்டு தேரூர்க் கரைக்குப் போனோம். அப்பாவுக்கு அப்போது எழுபத்தாறு வயது. நடவும் அறுப்புமாக இந்த வயல்களிலேயே வாழ்ந்தவர். வரப்பில் நின்றபடி பறப்பதை வைத்தே பறவையைச் சொல்லக்கூடியவர். கண்புரைக்கு அறுவை செய்த பிறகும், பொழுது சாய்ந்தால் தடுமாறத் தொடங்கியிருந்தார்.

அன்று ஏறத்தாழ 6.20க்குச் சூரியன் மறைந்தது. கொக்குகள் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தன. மூன்று கருவிகளையும் மாற்றி மாற்றி அப்பாவின் கையில் கொடுத்தோம். எதன் விலை எது என்று சொல்லவில்லை. போரோவை உடனே ஒதுக்கிவிட்டார். “இதுல புகை மூடியிருக்கு” என்றார். மற்ற இரண்டையும் வெகுநேரம் மாற்றிப் பார்த்தார்.

“ரெண்டும் ஒண்ணுபோலதான் இருக்கு மக்கா. எதுக்குக் கூடுதல் விலை?”

உயர்விலைக் கருவியின் சொந்தக்காரருக்கு முகம் வாடியது. எங்கள் இருவர் கண்ணுக்கும் அவருடைய கருவி ஓரங்களில் தெளிவாக இருந்தது. காட்சிப் பரப்பு அகலமாக இருந்தது. கண்ணாடி அணிந்தவருக்கு வசதியாக இருந்தது. அவையெல்லாம் உண்மையான நிறைகள். ஆனால் இருட்டு விழ விழ, எது முதலில் தோற்கிறது என்று பார்த்தால், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே தோற்றன. கணக்குக்கு மாறாகக் கண்கள் எதுவும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் அந்த மாணவர் ஒரு திட்டத்தைச் சொன்னார். கல்லூரியின் இயற்கை மன்றத்துக்குத் தம் கருவியைப் போலவே ஒன்றை வாங்கித் தருவதாக. அந்தப் பணத்துக்கு எட்டு அல்லது பத்து நடுத்தரக் கருவிகள் வாங்கலாமே என்று நாம் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “சார், ஏழைப் பிள்ளையளுக்குன்னா நடுத்தரம் போதும்னு நீங்களே சொல்லலாமா?”

அந்தக் கேள்வி சுட்டது. ரப்பர் பால்வெட்டுக் கூலியில் படித்து முன்னேறியவர் அவர். இரண்டாந்தரமான விடுதியும் இரண்டாந்தரமான ஆய்வுக்கூடமும் ‘இவர்களுக்கு இது போதும்’ என்ற சொல்லால்தான் உருவாகின்றன என்பதை அவர் நம்மைவிட நன்றாக அறிவார். சிறந்ததை ஒருமுறையாவது கையில் பிடித்துப் பார்க்கும் உரிமை எல்லா மாணவர்களுக்கும் உண்டு என்ற அவரது வாதத்தை இன்றும் நாம் மறுக்கவில்லை.

நாம் சொன்ன பதில் இதுதான். ஒரே கருவி இருந்தால் இருபது மாணவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். இருபத்திரண்டு நிமிட மாலையில் ஆளுக்கு ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் கருவியைத் தம் கண்ணுக்குத் திருத்திக்கொள்வதற்குள் முறை முடிந்துவிடும். பத்து இருந்தால் இருவருக்கு ஒன்று. ஆளுக்குப் பதினோரு நிமிடம். விலையுயர்ந்த கருவி தரும் இருபது விநாடியோடு இந்தப் பத்து நிமிடத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். அதோடு, இரண்டரை லட்ச ரூபாய்ப் பொருள் கல்லூரி அலமாரியில் பூட்டியே கிடக்கும். சேற்றில் விழுந்துவிடுமோ என்று பயந்து யாரும் அதைக் குளக்கரைக்குக் கொண்டுபோக மாட்டார்கள். அவர் உடனே ஏற்கவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பணம் அனுப்பினார். பத்துக்கு ஒன்று குறைவாக, ஒன்பது வாங்கினோம்.

வாங்கும்போது பார்த்தவற்றை, வாங்க நினைக்கும் வாசகர்களுக்காகச் சொல்லிவைக்கலாம். இன்றைய நிலவரத்தில் பன்னிரண்டாயிரம் முதல் முப்பதாயிரம் ரூபாய் வரையுள்ள நிலையைத்தான் நாம் நடுத்தரம் என்கிறோம். 8x42 என்ற அளவு. எல்லாப் பரப்புகளிலும் பல்லடுக்குப் பூச்சு. நேர்க்குழலானால் அலைக்கட்டத் திருத்தப் பூச்சு. இவற்றுக்கு இணையாக, நம் மாவட்டத்தில் நீர்புகா உடலும் உள்ளே நிரப்பிய நைட்ரஜனும் முக்கியம். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் இது. அடைப்பில்லாத கருவிக்குள் ஈரம் புகுந்தால் இரண்டு மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை படரும். பூஞ்சை படர்ந்த கண்ணாடி, எந்தப் பூச்சு இருந்தாலும், அந்தியில் குருடு. போரோ வாங்குகிறவர்கள் அதை இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும். வாங்குமுன், முடிந்தால் கடைக்கு வெளியே மாலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கடையின் குழல்விளக்கில் எல்லாக் கருவியும் நல்ல கருவிதான்.

ஒன்பது கருவிகள் வந்த பிறகு மாணவர்களோடு முதலில் போனது ஒரு வைகறையில். முன்னிருட்டில் கரையில் இறங்கியதும் சிலர் கைப்பேசி விளக்கைப் போட்டார்கள். குலசேகரம் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி, “லைட்டை அணைச்சிருங்க, கொஞ்ச நேரத்துல தன்னால தெரியும்” என்றாள். விடியுமுன்னே தலைவிளக்கோடு பால்வெட்டப் போகும் தந்தைக்குத் துணையாக ரப்பர்த் தோட்டத்தில் நடந்து பழகியவள். கோல் செல்களைப் பற்றி நாம் தயாரித்துக்கொண்டு போயிருந்த சிறிய உரையை அதற்குப் பிறகு நிகழ்த்த வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் சும்மா நின்றார்கள். மெல்ல மெல்ல தண்ணீர் தெரிந்தது. பிறகு தண்ணீரில் இருந்தவை தெரிந்தன.

2022இல் சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதியும் வேம்பனூர் ஈரநிலத் தொகுதியும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியலில் ஏறிய குளத்தைக் காப்பாற்ற, அதில் எது வந்தது, எது வரவில்லை என்று ஆண்டுதோறும் யாராவது எழுதிவைக்க வேண்டும். கூடடையும் பறவைகளை எண்ணக் கிடைப்பது ஒரு நாளில் அந்த இருபத்திரண்டு நிமிடங்கள்தான். இப்போது அதற்கு ஒன்பது கருவிகளும் பதினெட்டு மாணவர்களும் இருக்கிறார்கள். அப்பா இப்போதெல்லாம் வருவதில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, போகும் கூட்டத்தைக் குரலை வைத்தே சொல்லிவிடுகிறார். மாணவர்கள் எழுதிக்கொண்டு வந்த எண்ணிக்கையை அவரிடம் வாசித்துக் காட்டுவதுண்டு. சில பெயர்களைத் திருத்துவார். சில பறவைகள் ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்பார். அந்தக் கேள்விகளையும் இப்போது குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறோம்.